எதிரே வருபவரின் கண்: முகப்பு விளக்கின் வரலாறு

வாழப்பாடியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது இக்கட்டுரை. பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்ட தம் காரின் ஹாலஜன் முகப்பு விளக்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் செனான் விளக்குகளைப் பொருத்தலாமா என்று அவர் கேட்டார். சேலத்தில் ஒரு கடையில் விலையும் விசாரித்து வந்திருந்தார். இரவில் சாலை சரியாகத் தெரிவதில்லை என்பதே அவர் குறை. ஆமென்றோ இல்லையென்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கக்கூடிய கேள்விதான். ஆனால் அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார் சொன்ன சொற்கள் எங்களைத் தடுத்து நிறுத்தின.

பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். பாக்குத் தோப்பிலிருந்து இருட்டிய பிறகு மொபெட்டில் வீடு திரும்புபவர். "முந்தாநேத்து பைபாஸ்ல ஒரு காரு எதுக்கால வந்துச்சு கண்ணு. வெள்ளையா ஒரே லைட்டு. ரோடு எங்க இருக்குதுன்னே தெரியல. வண்டிய ஓரங்கட்டி, அது போற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு நின்னுட்டேன்" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை.

தந்தையின் குறையும் மகனின் குறையும் ஒன்றே; இருவருக்குமே இரவில் சாலை தெரியவில்லை. ஆனால் மகனின் குறையைத் தீர்க்கும் மருந்து தந்தையின் குறையை வளர்க்கக்கூடியது. இந்த முரண் செனான் விளக்கோடு தோன்றியதன்று. வண்டியின் முன்னால் விளக்கு ஏறிய நாள்முதல் அது உடன் வருகிறது. அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் நண்பரின் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் அந்தச் சாலையைப் பற்றி ஒரு சொல். சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலை, முன்னர் 68 என்றும் இப்போது 79 என்றும் எண்ணிடப்பட்டது. கொங்கு நாட்டைச் சென்னைச் சாலையோடு இணைக்கும் வழி இது. லாரிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் சங்ககிரியும் அருகிலேயே இருப்பதால் இப்பகுதிச் சாலைகளுக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடு இல்லை. இச்சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டபோது, வாழப்பாடி, ஆத்தூர் முதலிய ஊர்களின் புறவழிகள் மட்டும் நெடுங்காலம் இருவழியாகவே நின்றன. நடுத்திட்டு உள்ள சாலையில் எதிர்வரும் ஒளி ஓரளவு விலகியே வரும். இருவழிப் புறவழியில் அது நேரே முகத்தில் வந்து அறையும். பெரியவர் நின்ற இடம் அத்தகையது.

அவருடைய இளமைக் காலத்தில் இதே வழியில் சென்ற மாட்டுவண்டிகளை நினைத்துப் பார்ப்போம். வண்டியின் அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் பாதையைக் காண அது பெரிதும் உதவவில்லை. பாதையை மாடுகள் அறியும். இங்கே ஒரு வண்டி போகிறது என்று பிறருக்கு அறிவிப்பதே அவ்விளக்கின் வேலை. அதாவது, தன் கண்ணுக்காக அன்றிப் பிறர் கண்ணுக்காக ஏற்றப்பட்ட விளக்கு அது. மாட்டின் நடைக்கு அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடியபோதுதான் வண்டியோட்டியின் கண்ணுக்கும் ஒளி தேவைப்பட்டது.

தொடக்ககால மோட்டார் வண்டிகள் எண்ணெய் விளக்குகளையே சுமந்தன. அடுத்து வந்தது அசிட்டிலின் விளக்கு. 1892இல் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் கால்சியம் கார்பைடு தயாரிக்கும் வழியைக் கண்டார். இந்தக் கார்பைடு கல்லைச் சேலத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாம்பழ மண்டிகளில் காய்களைப் பழுக்கவைக்கத் தடையை மீறிப் பயன்படுத்தப்பட்டுப் பறிமுதல் செய்யப்படும் அதே கல்தான். அதன்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அசிட்டிலின் வாயு வெளிப்படும். அதைக் கொளுத்தினால் எண்ணெய்ச் சுடரைவிடப் பன்மடங்கு வெண்மையான ஒளி கிடைக்கும். காற்றும் மழையும் எளிதில் அணைத்துவிடாத அந்தச் சுடரே மோட்டார் வண்டி கண்ட முதல் வலுவான முகப்பு விளக்கு. ஆனால் ஓட்டுநர் இறங்கிவந்து கல்லிட்டு, நீர் வார்த்து, தீக்குச்சி கிழிக்க வேண்டும்.

மின்விளக்கு 1898 அளவிலேயே அமெரிக்காவின் கொலம்பியா மின்காரில் தலைகாட்டியது. எனினும் மின்னாக்கியும் மின்கலமும் வண்டியின் இயல்பான உறுப்புகளாக ஆன பிறகே அது வேரூன்றியது. 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார் மின் தொடக்கியையும் மின்விளக்கையும் ஒருங்கே கொண்டு வந்தது. 1913இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னாக்கி, மின்னழுத்தக் கட்டுப்பாடு, முகப்பு விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுப்பாக விற்கத் தொடங்கியது.

ஒளி பெருகியதும் கண்கூச்சம் பெருகியது. எதிர் வண்டி வரும்போது விளக்கை நெம்புகோலால் கீழே சாய்க்கும் பொறிகளைக்கூட அக்காலத்தில் செய்து பார்த்தார்கள். 1920களின் நடுவில் இதற்கு நல்ல தீர்வு ஒன்று கிடைத்தது. ஒரே குமிழில் இரண்டு இழைகளை வைத்தனர்; ஒன்று தொலைவுக்கு, மற்றது தாழ்வுக்கு. இன்று நம் ஓட்டுநர்கள் 'பிரைட்' என்றும் 'டிம்' என்றும் சொல்லும் இரண்டும் அவ்வாறு பிறந்தவையே. 1957இல் ஐரோப்பாவில் இன்னொரு நுட்பம் சேர்ந்தது. டிம் ஒளி இருபுறமும் ஒரே உயரத்தில் விழாமல், சாலையோரப் பக்கத்தில் சற்றே உயர்ந்தும், எதிர் வண்டியின் பக்கத்தில் தாழ்ந்தும் விழுமாறு அமைத்தனர். இடப்புறம் செல்லும் நம் நாட்டில் உயர்வது இடப்பக்கம். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த விளக்கை அறியாமல் இங்கே பொருத்தினால், அந்த உயர்வு அப்படியே எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும்.

இனி ஹாலஜன். சாதாரணக் குமிழில் டங்ஸ்டன் இழை சூட்டில் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கரியாகப் படியும். குமிழ் மங்கும், இழை மெலியும். குமிழுக்குள் அயோடின் அல்லது புரோமின் போன்ற ஹாலஜன் ஆவியைச் சிறிதளவு சேர்த்தால், அது கண்ணாடி ஓரத்தில் டங்ஸ்டனைப் பற்றிக்கொண்டு மீண்டும் இழையருகே கொண்டுபோய் விட்டுவிடும். இதனால் இழையை இன்னும் சூடாக, இன்னும் வெண்மையாக எரிக்க முடிந்தது. 1962இல் ஐரோப்பியக் கார்களுக்கு முதல் ஹாலஜன் குமிழ் வந்தது. 1971இல் இரண்டு இழைகள் கொண்ட எச்4 வந்தது. இந்தியச் சாலைகளில் பின்னாளில் மிகப் பரவலாக எரிந்த குமிழ் இதுவே.

எச்4 குமிழைக் கையில் எடுத்து உற்று நோக்கினால் (கண்ணாடியை விரலால் தொடாமல்தான்), டிம் இழைக்குக் கீழே சிறு கிண்ணம் போன்ற உலோகத் தகடு ஒன்றைக் காணலாம். டிம் இழையின் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் படாமல் தடுப்பது அதன் வேலை. கீழ்ப்பாதியில் பட்டால் ஒளி மேல்நோக்கிப் போகும். அதாவது எதிர்வருபவரின் கண்ணுக்குப் போகும். விரல்நகத்தைவிடச் சிறிய அந்தத் தகட்டை, முன்பின் அறியாத ஒரு மனிதருக்காக விளக்குக்குள்ளேயே வைக்கப்பட்ட மரியாதை என்றே சொல்லத் தோன்றுகிறது.

செனானின் கதை ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கப்பட்ட காற்றிலிருந்து பிரித்தெடுத்த வாயு அது. காற்றில் அதன் பங்கு பத்துக் கோடியில் ஏறத்தாழ ஒன்பது மட்டுமே. 'அயலான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த அயலான் நம் ஊர்ப்பக்கம் முதலில் வந்தது காரில் அன்று, திரையரங்கில். 1935இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய சேலம், திரைப்படத்தோடு நெருங்கிய உறவுடைய ஊர். அந்நாளைய கொட்டகைகளில் படம் காட்டும் கருவிக்குள் இரண்டு கரிக்குச்சிகளுக்கு இடையே மின்வில் எரியும். குச்சிகள் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருப்பது ஆபரேட்டரின் பாடு. 1950களில் ஜெர்மனியில் திரைக்கருவிகளுக்குச் செனான் விளக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் படிப்படியாகக் கரிக்குச்சியின் இடத்தைப் பிடித்தது. அந்த விளக்கின் ஒளி ஆடியாலும் துளையாலும் அளந்து கட்டப்பட்டு வெண்திரையில் மட்டும் விழுந்தது. பார்வையாளரின் முகத்தில் அதை நேராகத் திருப்பியிருந்தால் படம் பார்க்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

காருக்குள் செனான் நுழைந்தது 1991இல், பிஎம்டபிள்யூவின் 7 வரிசைக் காரில். இதில் இழை கிடையாது. ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள். தொடக்கத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அந்த இடைவெளியில் மின்வில்லை மூட்டுகிறது. செனான் வாயு உடனே ஒளிர்ந்து எழுகிறது. சில நொடிகளில் குமிழுக்குள் உள்ள உலோக உப்புகள் ஆவியாகி முழு ஒளியைத் தருகின்றன. எச்4 குமிழின் டிம் இழை 55 வாட்டில் தருவது ஏறத்தாழ 1000 லூமன். செனான் குமிழ் 35 வாட்டில் தருவது ஏறத்தாழ 3200 லூமன். குறைந்த மின்சாரத்தில் மும்மடங்கு ஒளி! நண்பர் மயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அதைச் செய்தவர்கள் குமிழை மட்டும் மாற்றவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். செனானுக்கென்றே தனியாக வில்லையும் பிரதிபலிப்பானும் வடிவமைத்தார்கள். ஐரோப்பிய விதிகள் மேலும் ஒரு படி சென்றன. 2000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் டிம் விளக்கில் இருந்தால், பின்னிருக்கையில் ஆளேறி முன்பக்கம் தூக்கினாலும் ஒளி தானாகத் தாழும் பொறி வேண்டும். விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும். தூசி படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தைக் கூட்டும் என்பதே காரணம்.

கடையில் நண்பருக்குச் சொல்லப்பட்ட மாற்றம் இவை எதையும் கொண்டதன்று. பழைய ஹாலஜன் பிரதிபலிப்பானுக்குள் செனான் குமிழைச் செருகுவது, அவ்வளவே. இழை இருந்த இடத்தில் இப்போது மின்வில் இருக்கும். இழை நேரானது, மின்வில்லோ சற்றே மேல்நோக்கி வளைந்து, முனைகளில் மிகுந்து ஒளிர்வது. இழையின் வடிவத்துக்கும் இடத்துக்கும் கணக்கிட்டுச் செய்த பிரதிபலிப்பான் இதைக் கண்டு திகைக்கிறது. ஒளி எல்லா மூலையிலும் சிதறுகிறது. ஓட்டுபவருக்கு வண்டியின் முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு விரிப்புத் தெரியும். நன்றாகத் தெரிகிறது என்று மகிழ்வார். அருகே கிடக்கும் அந்த வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவு இன்னும் இருட்டாகும் என்பதை அவர் உணர்வதில்லை. எதிரே வருபவருக்கோ எதுவுமே தெரியாது. வயதான கண்ணில் வில்லை கலங்கியிருப்பதால் ஒளி உள்ளேயே சிதறும். கூச்சம் தெளியவும் நேரம் பிடிக்கும். பெரியவர் கண்ணை மூடி நின்றது அச்சத்தால் அன்று, அனுபவத்தால்.

சட்டமும் இதை அறியாததன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யலாகாது. வண்டியைத் தயாரிப்பாளர் வகுத்த நிலையிலிருந்து மாற்றுவதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆனால் இரவில் எதிரெதிரே இரு வண்டிகள் கடக்கும் அந்தச் சில நொடிகளில் அங்கே எந்த அதிகாரியும் நிற்பதில்லை. 1.5 மீட்டர் என்று விதி எழுதிய உயரம், மொபெட்டில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரின் கண்மட்டம். அவ்வளவுதான் அங்கே சாட்சி.

செனானின் காலமும் இப்போது சாய்ந்துவிட்டது. 2007இல் லெக்சஸ் காரில் டிம் விளக்காக வந்த எல்இடி, புதிய கார்களில் அதன் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. கடைகளில் செனான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இன்று எல்இடி குமிழ்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் மாறினாலும், ஹாலஜன் பிரதிபலிப்பானில் அவற்றைச் செருகும் தவறு மாறவில்லை.

நண்பருக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான்: குமிழை மாற்றும் முன் விளக்கைப் பாருங்கள். பார்த்தோம். முகப்புக் கண்ணாடி வெயிலில் பழுத்து மஞ்சள் பூத்திருந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியதுமே பாதி இருள் விலகியது. மின்கலத்திலிருந்து நேராக ரிலே வைத்துக் கம்பி இழுத்ததும், வழியில் இழந்திருந்த மின்னழுத்தம் குமிழுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு புதிய ஹாலஜன் குமிழ்கள் போட்டோம். பிறகு வண்டியைச் சுவருக்குப் பத்து மீட்டர் முன்னே நிறுத்தி, விளக்கின் உயரத்தைவிட ஒளியின் மேல்விளிம்பு பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழுமாறு திருகாணியைத் திருப்பினோம்.

அப்போது பெரியவர் வந்து சுவரோரம் நின்றார். விளக்கை ஒருமுறை நேராகப் பார்த்தார். ஒளி அவர் இடுப்பளவோடு நின்றுவிட்டது. "இது போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.