வாழைக்குலை உறையில் எழுந்த இறக்கை: கிராப்டன் நீர்ச்சறுக்குக் கழகமும் ஹாங் கிளைடரும்

பெல்மதுளைச் சந்தியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதியில் தெற்கே இறங்கினால் வாழை கண்ணில் படத் தொடங்கும். பூச்சியும் கீறலும் படாமலிருக்கக் குலைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுவது வாழை பயிரிடும் நாடுகள் பலவற்றில் வழக்கம். மனிதர் தொங்கியபடி பறக்கும் ஹாங் கிளைடரின் இன்றைய வடிவம் முதலில் எழுந்ததும் அந்த உறைப் பிளாஸ்டிக்கில்தான். இடம், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கிளாரன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிராப்டன் நகர், ஆண்டு 1963, செய்து தரச் சொன்னது அவ்வூர் நீர்ச்சறுக்குக் கழகம். அக்கழகத்தின் பங்கு நெடுங்காலம் கண்ணில் படாமற் போனது எப்படி?

முன்கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் சுமார் 2,000 தடவை குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். கைகளால் இறக்கையைப் பற்றித் தொங்கியதால், காலை வீசித்தான் எடையை நகர்த்த முடிந்தது. 1896 ஓகஸ்ட் 9இல் விழுந்தவர் மறுநாள் இறந்தார். 1948இல் அமெரிக்காவின் பிரான்சிஸ் ரொகாலோவும் மனைவி கெர்ட்ரூடும் சமையலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, வளைந்து கொடுக்கும் இறக்கை ஒன்றை உருவாக்கினர். 1951இல் காப்புரிமை கிடைத்தது. விண்கலத்தைத் தரையிறக்க அது உதவுமா என்று நாசா ஜெமினித் திட்டத்துக்காகச் சோதித்து, 1964இல் கைவிட்டது.

கிராப்டனின் தேவை அவ்வளவு பெரிதல்ல. 1935 முதல் அங்கே ஜகரண்டாப் பூக்காலத்தில் விழா நடக்கும். அவ்விழாவில் படகு இழுக்க, தட்டையான பட்டத்தில் ஒருவர் மேலெழுவது கூட்டத்துக்குப் பிடித்த காட்சி. ஆனால் அந்தப் பட்டத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை. கயிறு விட்டுப்போனால் ஆளும் பட்டமும் ஆற்றில். விழாவுக்கு ஒரு பட்டம் செய்து தரும்படி கழகம் ஜோன் டிக்கன்சன் என்பவரிடம் கேட்டது. சஞ்சிகையொன்றில் கண்ட ரொகாலோ இறக்கையின் படம் அவர் மனதில் இருந்தது. இறக்கை சரி, ஆளை எங்கே வைப்பது? மகளை ஊஞ்சலில் ஆட்டும்போது விடை கிடைத்தது என்று அவர் பின்னர் சொன்னார். இறக்கையின் நடுவே ஊசல் போல ஆளைத் தொங்கவிட்டு, முன்னால் முக்கோணச் சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். சட்டத்தைத் தள்ளினால் உடல் பின்னே போகும், மூக்கு நிமிரும், வேகம் குறையும்; இழுத்தால் நேர்மாறு. பக்கவாட்டில் சாய்ந்தால் திருப்பம். கயிறு விட்டாலும் மெல்ல மிதந்து இறங்கலாம். 1963 செப்டெம்பர் 8இல் ரொட் புல்லர் என்பவர் அதை ஆற்றின் மேல் பறக்கவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. டிக்கன்சன் ஒக்டோபரில் காப்புரிமைக்கு முதற்கட்ட விண்ணப்பம் போட்டார். தொடரப் பணமில்லை, விண்ணப்பம் காலாவதியானது. ஆக, உலகம் தேடிப் பார்க்கும் காகிதத்தில் அவர் பெயர் இல்லை. டிக்கன்சன் சிட்னிக்குப் போனபின் பில் மொய்ஸ், பில் பென்னட் என்ற இரு நீர்ச்சறுக்கு வீரர்கள் அவரிடம் கற்று அந்த இறக்கையை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பென்னட் 1969இல் அமெரிக்காவில் பறந்து காட்டினார். அங்கே எல்லோரும் அறிந்திருந்த பெயர் ரொகாலோ. கிராப்டன் கழகத்தை யாருக்குத் தெரியும்? காப்புரிமைப் பதிவேட்டை மட்டும் நம்பி வரலாறு எழுதினால், படகோட்டியவரும் பட்டம் தைத்தவரும் அதில் அகப்பட மாட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. கலிபோர்னியாவில் பரி பால்மர் 1961இலேயே ரொகாலோ வகை இறக்கையுடன் ஓடிப் பறந்திருக்கிறார். முதலில் பறந்தவர் யார் என்றால் பால்மர் பக்கமே வலு. எந்த வடிவம் பரவி நிலைத்தது என்று கேட்டால், ஊசலும் முக்கோணச் சட்டமும் சேர்ந்த அந்த ஏற்பாடு கிராப்டனுக்கே நம்மை இட்டுச் செல்கிறது. இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கியதே குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

1984இல் இமாசலப் பிரதேசத்தின் பில்லிங் மலையில் ஹாங் கிளைடர் போட்டி நடந்தபோது வீரர்கள் கையில் பற்றியிருந்தது அந்த முக்கோணச் சட்டத்தைத்தான். உலக வான்விளையாட்டுச் சம்மேளனம் தன் தங்கப் பதக்கத்தை டிக்கன்சனுக்கு அறிவித்தது 2012இல். ஜகரண்டா விழாவுக்கு அவர் பிளாஸ்டிக் வெட்டி 49 ஆண்டுகளுக்குப் பின்.