பூ. ச. குமாரசுவாமி ராஜா

பூ. ச. குமாரசுவாமி ராஜா (பூசாபாடி சஞ்சீவி குமாரசுவாமி ராஜா, 8 ஜூலை 1898 – 16 மார்ச் 1957) ராஜபாளையத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர், காங்கிரஸ் தலைவர். 1949 ஏப்ரல் 6 முதல் 1952 ஏப்ரல் 10 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்தார். பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்தார். பதவியேற்றபோது அவருக்கு இருந்த பெயர் 'பிரதமர்'. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அது 'முதலமைச்சர்' ஆயிற்று. எனவே சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும் முதல் முதலமைச்சரும் இவர் ஒருவரே.

தமிழக அரசியல் வரலாற்றை எழுதுவோர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரிலிருந்து நேராக ராஜாஜிக்குத் தாவிவிடுவது வழக்கம். இடையிலுள்ள மூன்று ஆண்டுகள் அரைப் பத்தியில் முடிந்துவிடும். ஆனால் அடிப்படை உரிமைகள், இட ஒதுக்கீடு, அரசின் தடுப்புக்காவல் அதிகாரம் ஆகியவை குறித்து இந்திய நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் முதல் தீர்ப்புகளில் பல அந்த மூன்று ஆண்டுகளில் எழுந்த வழக்குகளில் வந்தவை. அவற்றில் எதிர்வாதியாகவோ மேல்முறையீட்டாளராகவோ நின்றது குமாரசுவாமி ராஜாவின் அரசு.

ஊரும் இளமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ராஜபாளையம் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தில் அடங்கியிருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலால் பெயர் பெற்ற பழைய ஊர். ராஜபாளையமோ சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழ்ந்த சமூகம் அது. வேளாண்மையோடு பருத்தி, நூல் தொழில்களிலும் இறங்கி ஊரை வளர்த்தது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது இந்த வளர்ச்சியின் முக்கியக் கட்டம்.

குமாரசுவாமி ராஜா பிறந்த சில நாட்களில் தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். அன்னி பெசன்ட், சீனிவாச சாஸ்திரி ஆகியோரின் கருத்துகளால் முதலில் ஈர்க்கப்பட்டவர், பின்னர் காந்தியின் பக்கம் வந்தார். சத்தியமூர்த்தியின் நட்பு அவரைக் காங்கிரஸில் வேரூன்றச் செய்தது. 1927இல் கதர்ப் பயணமாக வந்த காந்தி ராஜபாளையத்துக்கும் வந்தார். ஊராட்சி, மாவட்டக் கழகம் என்று கீழிருந்து தொடங்கியது அவரது பொதுவாழ்வு. காங்கிரஸ் போராட்டங்களில் சிறையும் சென்றார். 1946இல் அமைந்த த. பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சரானார்.

1949: யாருக்கும் ஆகாதவர் அல்லாதவர்

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழகம் மட்டுமன்று. கடற்கரை ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் அதில் இருந்தன. 1951 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 5.7 கோடி. சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியில் ஆந்திரக் குழு, தமிழ்க் குழு, மலையாளக் குழு என்று பிரிவுகள் இருந்தன. தமிழ்க் குழுவுக்குள்ளேயே காமராஜர் தரப்பு, ராஜாஜி தரப்பு என்ற பிளவும் இருந்தது. இந்தக் குழுச் சண்டையில் ஓராண்டுக்குள் பிரகாசம் விழுந்தார். அடுத்து இரண்டாண்டு தாக்குப்பிடித்த ஓமந்தூராரும், கட்சிக்காரர்களின் சிபாரிசுகளுக்கு இடம் கொடாமையால் ஆதரவை இழந்து விலகினார்.

குமாரசுவாமி ராஜாவின் தேர்வை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் காமராஜர் அதே மாவட்டத்து விருதுநகர்க்காரர். அவருடைய ஆதரவு ராஜாவுக்கு இருந்தது. தாய்மொழி தெலுங்கு என்பதால் ஆந்திரக் குழுவினருக்கும் அவர் அந்நியராகத் தோன்றவில்லை. எவரையும் பகைத்துக்கொள்ளாத மென்மையான இயல்பு மற்றொரு காரணம். பலமான தலைவர் என்பதால் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எந்தக் குழுவும் எதிர்க்காதவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்படி வந்தவர் தேர்தல் வரை மூன்றாண்டு நீடித்ததே அன்றைய நிலையில் பெரிது.

தமிழக அரசு முத்திரையில் உள்ள கோபுரம் இந்தக் காலத்தை ஒட்டி வந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே பரவலாகக் கொள்ளப்படுகிறது. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தையே வரைந்ததாகக் கூறியதும் உண்டு. முத்திரைக்கான முயற்சி ஓமந்தூரார் காலத்திலேயே தொடங்கிவிட்டதால், ராஜா தம் ஊர்ப்பக்கத்துக் கோபுரத்தை வைத்துக்கொண்டார் என்ற பேச்சை அப்படியே ஏற்க இயலாது.

கம்யூனிஸ்ட் தடையும் சேலம் சிறையும்

எல்லைக்கு அப்பால் தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கிருஷ்ணா மாவட்டத்திலும் மலபாரிலும் கம்யூனிஸ்ட் இயக்கம் வலுவாக இருந்தது. 1949இல் சென்னை அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டனர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். குடியரசு பிறந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. குமாரசுவாமி ராஜாவின் எளிமையையும் நேர்மையையும் போற்றும் வாழ்க்கைக் குறிப்புகளில் சேலம் இடம்பெறுவதில்லை. அவர் ஆட்சியைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிடுவது முறையன்று.

உச்ச நீதிமன்றத்தில் சென்னை அரசு

ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தவர். 1950 மார்ச் 1 அன்று புதிய தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அவர்மீது மறுபடியும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவர் தொடுத்த 'கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' வழக்கில் 1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடக்கூடாது என்ற பிரிவு மட்டும் செல்லாது என்றும், சட்டத்தின் மற்ற பகுதிகள் செல்லும் என்றும் நீதிபதிகள் கூறினர். அரசுக்குச் சாதகமான தீர்ப்பு. அதன் குறுகிய பார்வையிலிருந்து உச்ச நீதிமன்றம் முழுமையாக வெளிவர 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை ஆயிற்று.

அடுத்த வாரமே அரசு தோற்றது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாகாணத்துக்குள் வருவதை, 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டிச் சென்னை அரசு தடுத்திருந்தது. பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சுரிமையை இவ்வாறு தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என்று மே 26 அன்று நீதிமன்றம் சொன்னது. அதே 1950இல் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணாதுரையும் 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய அரசு எழுத்தை எவ்வளவு அஞ்சியது என்பது தெரியும்.

வகுப்புவாரி ஆணை வழக்கில் நிலைமை வேறு. நீதிக்கட்சி காலத்திலிருந்து வந்த அந்த ஆணை 1947இல் திருத்தப்பட்டிருந்தது. கல்லூரியில் 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. மருத்துவப் படிப்பு தொடர்பாகச் செண்பகம் துரைராஜனும், பொறியியல் படிப்பு தொடர்பாக சி. ஆர். சீனிவாசனும் வழக்குத் தொடுத்தனர். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. அரசு அதோடு விட்டிருக்கலாம். குடியரசின் புதிய சட்டம் அப்படிச் சொல்கிறது என்று கைகழுவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 1951 ஏப்ரல் 9 அன்று அங்கும் தோல்வி. மாகாணமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. பெரியாரின் இயக்கமும், 1949இல் பிறந்திருந்த தி.மு.க.வும் முன்னின்றன. காமராஜர் டெல்லியில் வலியுறுத்தினார்.

1951 ஜூன் 18 அன்று அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கல்வியில் பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) செண்பகம் துரைராஜன் வழக்கால் வந்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைப் பேச்சுரிமைக் கட்டுப்பாடுகளில் சேர்த்த 19(2) திருத்தத்துக்கு ரொமேஷ் தாப்பர் வழக்கு முதன்மைக் காரணம். ஜமீன் ஒழிப்பு தொடர்பான பகுதி நீங்கலாக, அந்தத் திருத்தத்தின் முக்கியமான இரண்டு பகுதிகளும் சென்னை அரசின் தோல்விகளிலிருந்து பிறந்தவை. ஒன்று சமூக நீதிக்கு வழி திறந்தது. மற்றொன்று கருத்துரிமையைச் சுருக்கியது. இரண்டும் ஒரே அரசின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

கடைசி வழக்கு வழக்கறிஞர் வி. ஜி. ராவுடையது. அவர் சார்ந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று 1950 மார்ச்சில் அரசு அறிவித்தது. உரிமைகளுக்கு விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்ப்பது எப்படி என்பதற்கு, தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி இந்த வழக்கில்தான் அளவுகோல் வகுத்தார். தீர்ப்பு வந்த நாள் 1952 மார்ச் 31. அதற்குப் பத்து நாள் கழித்துக் குமாரசுவாமி ராஜா பதவியில் இல்லை.

கோயில் நிர்வாகத்தை வாரியத்திடமிருந்து எடுத்து, ஆணையர் தலைமையில் அரசுத் துறையாக்கிய 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் இவர் காலத்தது. அதன்மீதான சிரூர் மடம் வழக்கு 1954இல் தீர்ந்தது.

ஆந்திரப் பிரிவினைக் குழு

ஆந்திர மாநிலம் அமைப்பது பற்றி ஆராய 1949 இறுதியில் அமைக்கப்பட்ட குழுவுக்குக் குமாரசுவாமி ராஜா தலைவர். பிரகாசம், சஞ்சீவ ரெட்டி, கலா வெங்கட ராவ், பக்தவத்சலம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி முதலியோர் அதில் இருந்தனர். பெரும்பாலானவற்றில் உடன்பாடு ஏற்பட்டது. சென்னை நகரத்தில் வந்து முட்டியது. நகரத்தின்மீது ஆந்திரர்க்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்துப் பிரகாசம் தனிக் குறிப்பு எழுதினார். 1950 ஜனவரியில் பிறந்திருக்கக்கூடிய ஆந்திர மாநிலம், பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிரைப் பலிகொண்டு 1953 அக்டோபர் 1இல் பிறந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோல்வி

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில், முதலமைச்சர் தம் சொந்தத் தொகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலம், கலா வெங்கட ராவ் உள்ளிட்ட அமைச்சர்கள் பலரும் தோற்றனர். 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152.

மழை பொய்த்த ஆண்டுகள், உணவுப் பஞ்சம், குறைந்துகொண்டே போன ரேஷன் அளவு இவையே மக்கள் மனத்தில் முன்னின்றன. விவசாயிக்கோ, விளைந்த நெல்லைக் கட்டாயக் கொள்முதலாக அரசு எடுத்துக்கொண்ட கோபம். ஆந்திரத்தில் மாநிலம் கிடைக்காத ஏமாற்றமும் சேர்ந்தது. கோபாலன் கண்ணனூரிலிருந்து மக்களவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தோற்ற முதலமைச்சர் மேலவை வழியாகத் திரும்பிவர முயலவில்லை. மேலவை வழியாக வந்தவர் ராஜாஜி. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை நியமன உறுப்பினராக்க, ஏப்ரல் 10 அன்று அவர் முதலமைச்சரானார். ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி நல்ல பெயர் எடுத்தார்.

ஒரிசாவில்

மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவராக பசல் அலி சென்றதால் காலியான ஒரிசா ஆளுநர் பதவியை 1954இல் குமாரசுவாமி ராஜா ஏற்றார். எல்லைத் தகராறு அங்கும் அவரைத் தொடர்ந்தது. செரைகெலா, கர்சாவான் பகுதிகள் ஒரிசாவுக்குக் கிடைக்காததால் 1956 ஜனவரியில் கட்டக், பூரி நகரங்களில் பெரும் கலவரம் மூண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பதவியிலிருந்து விலகி ஊர் திரும்பினார். 1957 மார்ச் 16 அன்று காலமானார்.

ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார். 1999இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.