நாய்ப் பயிற்சித் தின்பண்டங்கள்: மூலப்பொருளும் ஊட்டமும் குறித்த ஒரு மதிப்பீடு

1. பொருளும் வரம்பும்

நாய்க்குட்டிக்கு ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’ என்ற மூன்றையும் பழக்கத் தொடங்கிவிட்டால் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது முறையாவது அதன் வாயில் எதையேனும் போட வேண்டிவரும். சொன்னதைச் செய்த கணமே பரிசு கிடைக்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும், இடையில் காதைச் சொறிந்ததற்குத்தான் இந்தப் பரிசு என்று குட்டி எடுத்துக்கொள்ளும். நடத்தை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இந்த உடனடித்தன்மையைத்தான்.

ஆகவே பயிற்சித் தின்பண்டம், தட்டில் வைக்கும் உணவிலிருந்தும் செல்லத்துக்காக நீட்டும் பிஸ்கட்டிலிருந்தும் வேறுபட்டது. மென்றுகொண்டே நிற்க விடாமல் ஒரே வாயில் இறங்க வேண்டும்; தெரு இரைச்சலையும் மீறி மூக்கை இழுக்கும் மணம் வேண்டும்; அறுபது முறை கொடுத்தாலும் உடம்பைக் கெடுக்கக் கூடாது. விற்பவர்களோ, 100 கிராமில் எவ்வளவு புரதம் என்பதையே பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது ஒரு துண்டில் எத்தனை கலோரி என்பதுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சிகிச்சைக்கான உணவுகளும் பல் சுத்தம் செய்யும் மெல்லுகுச்சிகளும் இதன் வரம்புக்குள் வரவில்லை.

2. அளவுகோல்: ஒரு துண்டின் கலோரி

நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவையைக் கணக்கிடக் கால்நடை ஊட்டவியலில் ஒரு சூத்திரம் உண்டு. கிலோவில் உள்ள உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்க வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த வீட்டு நாய்க்கு அந்த விடையை மேலும் 1.6ஆல் பெருக்குவார்கள். 10 கிலோ நாய்க்கு ஓய்வுநிலைத் தேவை 394 கிலோ கலோரி. அன்றாடத் தேவை ஏறத்தாழ 630. இதில் தின்பண்டத்தின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. தின்பண்டங்கள் முழுமையான உணவாகத் தயாரிக்கப்படுவதில்லை. கால்சியம், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் தட்டு உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். வரம்பை மீற மீற அந்தச் சமநிலை குலைகிறது, நாயும் பருக்கிறது.

ஆக, 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 63 கிலோ கலோரி. நம் வீடுகளில் நாய்க்கென்றே எழுதிவைத்ததுபோல் இருக்கும் மாரி பிஸ்கட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 25 கிலோ கலோரி. இரண்டரை பிஸ்கட்டோடு அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துபோகிறது. அறுபது பரிசு தேவைப்படும் இடத்தில் கையிருப்பு இரண்டரை! துண்டுக்கு 3 கிலோ கலோரி உள்ள கடைத் தின்பண்டம் என்றால் 21 முறை கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் நான்காகக் கிள்ளினால் 84 முறை. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 165 கிலோ கலோரி. ஒரு செ.மீ. கனசதுரத் துண்டு ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். 38 துண்டு வரை போகலாம். அதையே அரை செ.மீ. துண்டாக நறுக்கினால் எடை எட்டில் ஒன்றாகி, முந்நூறு துண்டுகள் கிடைக்கும். கத்தியைச் சரியாகப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

உடல் எடையும் இங்கே பேசும். அதே 3 கிலோ கலோரித் தின்பண்டம் 5 கிலோ பாமரேனியனுக்கு 12 துண்டுகளே. 30 கிலோ லாப்ரடாருக்கு 47. ஒரே வீட்டில் இரண்டும் வளர்ந்தால், இரண்டுக்கும் ஒரே கைப்பிடி என்பது சின்னதுக்குச் செய்யும் அநியாயம்.

3. உறையைப் படித்தல்

3.1 பெயர்

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் அரசுத் துறையன்று. ஆனாலும் அது வகுக்கும் மாதிரி விதிகளைப் பல மாநிலங்கள் சட்டமாக ஏற்றுள்ளன. இறக்குமதிப் பாக்கெட்டுகள் நம்மூர்க் கடைகளிலும் தொங்குவதால் அந்த விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெயரில் வெறுமனே ‘சிக்கன்’ என்றிருந்தால், சேர்த்த நீர் நீங்கலாக 95 விழுக்காடு கோழி இருக்க வேண்டும். ‘சிக்கன் ரெசிபி’ என்றால் 25 விழுக்காடு போதும். ‘வித் சிக்கன்’ என்றால் வெறும் 3. ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்பதற்குக் குறைந்தபட்ச அளவே இல்லை. அந்தச் சுவை கண்டறியும்படி இருந்தால் சரி. உறையில் உள்ள கோழிப் படம் மட்டும் நான்கிலும் ஒரே பருமனில் இருக்கும். உள்ளூர்த் தயாரிப்புகளை இந்த விதி கட்டுப்படுத்தாது என்பதால், அங்கே பெயரை நம்பாமல் மூலப்பொருள் பட்டியலுக்குப் போய்விட வேண்டும்.

3.2 மூலப்பொருள் வரிசை

பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் அமைகிறது. அந்த எடை, பொருள் கலவையில் சேரும்போது இருந்த எடை. பச்சைக் கோழிக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிராம் கோழியும் 60 கிராம் அரிசி மாவும் சேர்த்தால் பட்டியலில் கோழி முதலிடம் பெறும்; அடுப்பில் காய்ந்து வெளிவரும் பண்டத்திலோ அரிசிதான் கோழியைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். இன்னொரு உத்தியும் உண்டு. அரிசி மாவு, குருணை, தவிடு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்க, இறைச்சி மேலே நிற்கும். இதில் பொய் எதுவும் இல்லை. படிப்பவர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தானியம் இருப்பதே குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். நாயின் மரபணுத் தொகுதியில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிடப் பல பிரதிகள் கூடுதலாக இருப்பதை 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதரோடு சோற்றுக்குப் பழகிய விலங்கு அது. ‘தானியமற்றது’ என்ற முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த தானியமற்ற நாய் உணவுகளுக்கும் இதயத் தசைநோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. உறுதியான விடை கிட்டவில்லை என்றாலும், அந்த முத்திரை ஆரோக்கியத்துக்குச் சான்று ஆகாது என்பது அதற்குப் பிறகு தெளிவு.

3.3 எண்கள்

உறையில் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும்: குறைந்தபட்சப் புரதம், குறைந்தபட்சக் கொழுப்பு, அதிகபட்ச நார், அதிகபட்ச ஈரம். மாவுச்சத்தை நாமே கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு மென்தின்பண்டத்தில் புரதம் 18, கொழுப்பு 8, நார் 3, ஈரம் 25 என்றிருக்கட்டும். சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 5 என்று கொண்டால் மீதி 41 விழுக்காடு மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளிசரினும். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 275 கிலோ கலோரி வருகிறது. 1 கிராம் துண்டு என்றால் 2.7. உறையில் கலோரி அச்சிடாதவர்களுக்கு இந்தக் கணக்குதான் மாற்று. ஈரம் வேறுபடும் இரண்டு பண்டங்களை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துவிட வேண்டும்: மேற்கண்ட 18 விழுக்காட்டுப் புரதம் உலர் எடையில் 24 ஆகிறது.

புரத எண்ணை முழுதாக நம்பவும் முடியாது. ஆய்வகம் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. தோலும் குருத்தெலும்பும் தசைக்கறியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 2007இல் இந்த ஓட்டைதான் பெரும் கேட்டுக்கு வழிவிட்டது. சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் பசைப்புரதத்தில், நைட்ரஜன் மூன்றில் இரண்டு பங்கு கொண்ட மெலமைன் கலந்திருந்தது. சோதனைத் தாளில் புரதம் உயர்ந்து நின்றது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்தன. செல்லப்பிராணி உணவுகள் பெருமளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

4. வகைகள்

பிஸ்கட் மிகப் பழைய வகை. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட்டை வணிகமாக்கினார். பயிற்சிக்கு அது உதவாது: கடித்தால் உதிரும், உதிர்ந்ததைப் பொறுக்குவதில் நாயின் கவனம் போய்விடும்.

மென்தின்பண்டமே பயிற்சிக்கென்று பிறந்தது. மென்மையைத் தருவது பெரும்பாலும் கிளிசரின். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, கிருமிக்குக் கிடைக்கும் நீரைக் குறைக்கிறது. அளவாக இருந்தால் கெடுதலில்லை, ஆனால் அதுவும் கலோரிதான். வாங்கியதும் ஒரு துண்டை விரலால் கிள்ளிப் பாருங்கள். பொடியாகாமல் நான்காகப் பிரிந்தால் நல்ல பண்டம். வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தினால் எண்ணெய் வட்டம் அகலமாகப் படர்கிறதா என்பதையும் பார்க்கலாம்; படர்ந்தால் கொழுப்பு மிகுதி. சிவப்பும் பச்சையும் கலந்த துண்டுகளைத் தள்ளிவைக்கலாம். நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும்தான் நன்கு பிரித்தறியும். அந்தச் சிவப்புச் சாயம் நம் கண்ணுக்காகப் போட்டது.

உறையவைத்து உலர்த்திய ஈரலும் இறைச்சியும் மணத்தில் முதலிடம் பெறும். ஆனால் அந்த முறை சால்மொனெல்லாக் கிருமியைக் கொல்வதில்லை. குழந்தைகள் கையால் ஊட்டும் வீட்டில் வெப்பமூட்டப்பட்டதா என்று கேட்டே வாங்க வேண்டும். வற்றலாக்கிய கோழி ‘ஜெர்க்கி’ வகையின் வரலாறு இன்னும் கசப்பானது. 2007 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு இதுபற்றி ஆயிரக்கணக்கில் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை சீனத் தயாரிப்புகள் பற்றியவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் பதிவாகியும், பல ஆண்டுச் சோதனைக்குப் பின்னும் காரணம் பிடிபடவில்லை. மூலப்பொருள் பட்டியலில் கோழி என்ற ஒரே சொல் இருப்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்ற நம்பிக்கையை இந்நிகழ்வு உடைத்தது.

5. விலக்க வேண்டியவை

சைலிட்டால் இப்பட்டியலில் முதலாவது. சர்க்கரையற்ற இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சில நிலக்கடலை வெண்ணெய்களிலும் அது இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், 0.5 கிராமை எட்டினால் ஈரல் செயலிழக்கலாம். உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். கேசரியிலிருந்து பொறுக்கிப் போடுவதும் இதில் அடங்கும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிவிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கழுவினால் மிளகாய் போகலாம், உள்ளே ஊறிய வெங்காயச் சாறு போகாது. பூசணம் பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நச்சு நாயின் ஈரலை அழிக்கவல்லது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில், திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதும் இதை ஒட்டியதே.

6. நம் சமையலறை

உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறிக்கு ஈடான பயிற்சிப் பண்டத்தைக் கடையில் காண்பது அரிது. கோழி ஈரலும் சிறந்தது. வேகவைத்து, நறுக்கி, குறைந்த தீயில் உலர்த்தினால் கையில் ஒட்டாது. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. அது உடம்பில் தங்கிச் சேரும் என்பதால் தினமும் ஈரலையே கொடுக்கக் கூடாது. நெத்திலிக் கருவாட்டின் மணத்துக்கு எந்த நாயும் திரும்பிப் பார்க்கும். உப்பிட்ட கருவாடு கூடாது. உப்பில்லாமல் வெயிலில் காய்ந்தது கிடைத்தால் கிள்ளிக் கொடுக்கலாம். கேரட் துண்டு கலோரியில் மிக மலிவு. சில நாய்கள் மட்டுமே அதைப் பரிசாக மதிக்கும்.

வீட்டுக்குள், இரைச்சலில்லாத இடத்தில், நாய் தின்னும் அன்றாட உலருணவையே பரிசாக்கலாம். காலை உணவில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் கலோரிக் கணக்கே எழாது. கோழியும் கருவாடும் தெருவில், மற்ற நாய்கள் குரைக்கும் இடத்தில் வெளிவரட்டும்.

7. தனி நிலைகள்

கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்பின் அளவையும், சிறுநீரக நோயுள்ள நாய்க்குப் பாஸ்பரஸையும் மருத்துவரிடம் கேட்டு வரையறுக்க வேண்டும். ஒவ்வாமைச் சோதனைக்காக எட்டு வாரம் ஒரே வகைப் புரதத்தில் இருக்கும் நாய்க்கு, யாரோ அன்போடு போட்ட ஒரு துண்டு மாட்டிறைச்சியோ பாலாடைக்கட்டியோ சோதனை முழுவதையும் பாழாக்கிவிடும். இவ்விரண்டும் கோழியும் கோதுமையும்தான் நாய்களிடம் அதிகம் காணப்படும் ஒவ்வாமைப் பொருள்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் சேர்த்த தின்பண்டம் வேண்டாம்; அளவுக்கு மீறிய கால்சியம் அவற்றின் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும்.

8. ஒரு கோரிக்கை

அமெரிக்க மாதிரி விதி, கிலோவுக்கான கலோரியோடு ஒரு துண்டுக்கான கலோரியையும் உறையில் கேட்கிறது. நம் கடைகளில் தொங்கும் எல்லா உறைகளிலும் அந்த எண்ணைக் காண முடிவதில்லை. அடுத்த முறை வாங்கும்போது உறையைத் திருப்பி அதைத் தேடுங்கள். இல்லையென்றால், அதே உறையில் அச்சிட்டிருக்கும் நுகர்வோர் தொடர்பு எண்ணுக்குப் பேசி, ஒரு துண்டில் எத்தனை கிலோ கலோரி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்தின் பொருளை விட்டுவிட்டுக் கால் கிலோ கோழி வாங்கி வருவதே மேல்.