எக்செலா, அனலிட்டிக்ஸா?

சுரண்டையில இருந்து கேக்குறவங்களுக்கு இந்தக் கதை பக்கத்து ஊர்லதான் வந்து நிக்குது. பர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் ஸ்ப்ரெட்ஷீட் விசிகால்க், 1979. எக்செலுக்கு பிவட் டேபிள் வந்தது 1993-ல. ஆயிரம் வரி விற்பனைக் கணக்கை ஊர்வாரியா, மாசவாரியா சுருக்கிப் பார்க்க இன்னைக்கும் எனக்கு அதுதான் கைவாகு. ஆனா ஃபைல் மெயில்ல போச்சுன்னா, நாலு பேர் கையில நாலு பிரதி. எது கடைசிக் கணக்கு?

ஸோஹோ ரிப்போர்ட்ஸ் டேட்டாவை ஒரே இடத்தில் வைத்து, பிரவுசரிலேயே எல்லாருக்கும் காட்டியது. 2018-ல அதுக்குப் பேர் அனலிட்டிக்ஸ். அந்தக் கம்பெனி 2011-லயே தென்காசிக்கு வந்தாச்சு; ஆபீஸ் குற்றாலம் பக்கத்துல மத்தளம்பாறையில. 2016-ல வெளியான ஸோஹோ டெஸ்க் தென்காசி டீம் கட்டினது. டெஸ்க்ல வந்து விழுற கஸ்டமர் புகார்களை அனலிட்டிக்ஸ்ல இணைச்சு ரிப்போர்ட் எடுக்கலாம்.

ஒரு கடை, ஒரே ஆள்னா எக்செல் போதும். ரெண்டாவது ஆள் அதே கணக்கைத் தொட்டா, மாறிடுங்க.