வேலியே பயிரை மேய்ந்த வரலாறு

1961-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவான மருந்து கேப்டகன். அடங்காத துறுதுறுப்புடைய சிறுவருக்கும், பகலிலும் உறக்கம் மேலிடும் நோயாளருக்கும் மருத்துவர் அதனை வழங்கினர். அது மனிதரை அடிமையாக்குவது தெரியவரவே, 1986-இல் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. மருந்து மறைந்தது, பெயர் மறையவில்லை. ஆம்பெட்டமின் என்னும் போதைப்பொருள் கலந்த போலி மாத்திரைகள் அப்பெயரில் பெருகின.

2011-இல் சிரியாவில் மூண்ட உள்நாட்டுப் போர் இக்கள்ளத் தொழிலுக்கு உரமாயிற்று. 2020-இல் இத்தாலியின் சலேர்னோ துறைமுகத்தில், காகித உருளைகளில் பதுக்கப்பட்டிருந்த சுமார் 8 கோடியே 40 லட்சம் மாத்திரைகள் பிடிபட்டன. மறு ஆண்டு ஏப்ரலில், லெபனானிலிருந்து வந்த மாதுளம் பழங்களுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளைக் கண்ட சவூதி அரசு, அந்நாட்டுக் காய்கனிகளுக்கே தடை விதித்தது. கடத்தியவரோடு, குற்றமறியா உழவரும் பிழைப்பிழந்தனர்.

இத்தனை விழிப்பிருந்தும் வெள்ளம் வடியாததேன்? ஊற்று, அதிகாரத்தின் நிழலில் இருந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும், இவ்வணிகத்தின் பொருட்டுச் சிரிய அதிபர் பஷார் அல் அசதின் உறவினர் சிலர்மீது தடைகள் விதித்தன. 2024 டிசம்பரில் அவருடைய ஆட்சி வீழ்ந்தது. டமாஸ்கஸ் அருகே டூமாவில், உருளைக்கிழங்கு வறுவல் ஆலையொன்றினுள் மாத்திரைத் தொழிற்கூடம் வெளிப்பட்டது. மெஸ்ஸே விமானப்படைத் தளத்திலும் மாத்திரைகள் குவிந்து கிடந்தன. புதிய ஆட்சியினர் அவற்றைத் தீயிலிட்டனர்.

எல்லையில் காவல் வேண்டும், ஐயமில்லை. ஆனால் காவலும் களவும் ஒரே கையில் இருக்கும்வரை, சட்டம் வெறும் ஏடே. அதற்கு விலை கொடுப்போர், வீடுதோறும் நாம் வளர்க்கும் இளைஞரே.