கத்தியும் வறுமையும்

1930களின் பொருளாதார நெருக்கடியிலே, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சேரிகளில் வேலையற்ற இளைஞர் சவரக்கத்தி ஏந்திக் குழுக்களாக மோதினர். மதப்பகையும் அத்தீயை வளர்த்தது. வெட்டியவனும் வெட்டுண்டவனும் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளே. 1931இல் பொலிஸ் தலைவராக வந்த பெர்சி சில்லிற்றோ தடிகொண்டு ஒடுக்கினார். குழுக்கள் கலைந்தன, வறுமை கலையவில்லை.

போருக்குப்பின் சேரிமக்கள் நகரின் விளிம்பிலே ஈஸ்டர்ஹவுஸ் போன்ற குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். வீடு கிடைத்தது, கடைகளோ, பொழுதுபோக்கிடங்களோ போதியளவு இல்லை. குழுச்சண்டை அங்கும் தொடர்ந்தது. 1968இல் பாடகர் பிராங்கி வோன் நேரிற் சென்று வேண்ட, இளைஞர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். ஆயினும் கத்தி மீண்டது.

2005இல் பொலிசாரே வன்முறைக் குறைப்புப் பிரிவை நிறுவினர். வன்முறையை நோயெனக் கொண்டு, தண்டனையோடு கல்வி, மருத்துவம், தொழில்வாய்ப்பு ஆகியவற்றின் துணையையும் நாடினர். பத்தாண்டுகளில் ஸ்கொத்லாந்தின் கொலைகள் ஏறத்தாழப் பாதியாயின. கத்தியைப் பறித்த கைக்குத் தொழில் கொடுப்பது சமுதாயத்தின் கடன்.