கேமரன் மலையின் விடுதிப் பள்ளிகள்



கேமரன் மலை என்றவுடன் தேயிலையும் ஸ்ட்ராபெரியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அம்மலை அயல்நாட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளுக்கும் இருப்பிடமாக விளங்கியது. அவ்வரலாறு தமிழ்ப்பள்ளியைச் சார்ந்த நமக்கும் ஒன்றை உணர்த்துவதால் இங்கு எழுதுகிறேன்.

1885-இல் வில்லியம் கேமரன் அம்மலைப் பகுதியை அளந்தார். தாப்பாவிலிருந்து செல்லும் சாலை 1931-இல் முடிவுற்றது. அக்காலத்தில் இங்குப் பணியாற்றிய ஆங்கிலேயர், வெப்பம் ஒவ்வாது என்றெண்ணித் தம் பிள்ளைகளை இளவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். பெற்றோர் முகம் காணப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1925-இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார், இதற்கு மாற்றாக 1934-இல் கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார்.

ஜப்பானியர் படையெடுப்பு அதனைக் குலைத்தது. அம்மையாரும் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். போருக்குப் பின், 1951-இல் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக அங்கு ஸ்லிம் பள்ளி தொடங்கியது. அவசரகாலம் நிலவியதால் மாணவர்கள் படைவண்டிகளின் காவலோடு மலையேறினர். சீனாவில் 1881-இல் தோன்றிய சீஃபூ பள்ளியின் மரபில் வந்த பள்ளியொன்றும் 1950-களில் அம்மலையில் அமைந்து 2001 வரை நடந்தது. வியட்நாமின் டாலாட் நகரில் 1929-இல் தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர் பள்ளி, போரின் காரணமாக 1965-இல் பாங்காக் சென்று, பின் கேமரன் மலைக்கு வந்து, 1971-இல் பினாங்கில் நிலைகொண்டது.

இப்பள்ளிகள் நாடுவிட்டு நாடு பெயர்ந்தும், தம் மாணவரின் மொழியையும் பாடத்திட்டத்தையும் கைவிடவில்லை. பிள்ளை தாய்நாடு திரும்பினால் அங்குள்ள அடுத்த வகுப்பில் தடையின்றிச் சேர வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு விலையும் இருந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பல மாதங்கள் தாய் தந்தையரைப் பிரிந்து வாழ்ந்தனர்.

அதே மலையின் சரிவுகளில் நம் மக்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. நாடெங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். எனினும் அங்கும் கல்வி தாய்மொழியிலேயே நடந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இருவகைப் பள்ளிகளும் தாய்மொழியிலேயே கற்பித்தன. வேறுபாடு, கற்று முடித்த பின் என்ன என்பதில் இருந்தது. விடுதிப் பள்ளிப் பிள்ளைக்கு இடைநிலைக் கல்வியும் பல்கலைக்கழகமும் காத்திருந்தன. தோட்டப் பிள்ளைக்குத் தமிழ்வழிக் கல்வி தொடக்கநிலையோடு முற்றுப்பெற்றது. அதன்பின் பெரும்பாலோருக்குத் தோட்ட வேலையே. ஆகவே, அன்றைய தோட்டப் பிள்ளைகள் முன்னேறாததற்குத் தமிழ்வழிக் கல்வியே காரணம் என்பது பொருந்தாது. ஏணி பழுதுடையதன்று, அதன் மேற்படிகள் அமைக்கப்படவே இல்லை.

"தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பின்தங்கிவிடுமா?" எனப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி வினவுவர். இவ்வரலாற்றையே விடையாகச் சொல்வேன். இடைநிலைப்பள்ளியில் என்ன ஏற்பாடு செய்யப்போகிறோம் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிவகுக்கிறது. ஆறாம் ஆண்டு முடியும்போதே பெற்றோர் கூடிப் பேசி, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் உடன் நின்று பெயர்ப்பட்டியலைத் தயாரித்து உதவுவோம்.